ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்கள்

வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஏதாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இந்தக் காட்சி கிடைக்கும். கார் டிக்கியில் பெட்டி ஏற்கெனவே ஏறிவிட்டது. அது தெரியாதபடி அப்பா முன்னால் நின்று மறைக்கிறார். ஆறு மாத வயிற்றோடு அம்மா குனிய முடியாமல் குனிந்து, நான்கு வயதுப் பிள்ளையிடம், "டாக்டர்கிட்ட போறோம் கண்ணா, ஊசி போடுவாங்க. நீயும் வரியா?" என்று கேட்கிறார். பிள்ளை அடுத்த நொடியே பாட்டியின் புடவைக்குள் ஒளிந்துகொள்கிறது. டிக்கி மூடுகிறது, கார் கிளம்புகிறது. எந்த ஆஸ்பத்திரியிலும் நோயாளியின் கணவர் வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு போவதில்லை என்பதைக் கவனிக்கும் வயது பிள்ளைக்கு இன்னும் வரவில்லை. பாட்டிக்கு வந்துவிட்டது, ஆனால் அவர் வாயைத் திறப்பதில்லை. இவர்கள் புதுமணத் தம்பதி அல்ல. காசி ராமேஸ்வரம் போகிற வயதும் இல்லை. கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று, நடுவே எங்கிருந்தோ கிடைத்த இரண்டு ராத்திரி. அந்த இரண்டு ராத்திரியை அவர்கள் கொண்டுபோகிற விதத்தைப் பார்த்தால், தங்கம் கடத்துகிறவன்கூட இவர்களைவிட நிமிர்ந்து நடப்பான் என்று தோன்றும்.

இவர்களுக்கு ஊர் வைத்திருக்கும் தீர்ப்பு ஒரே சொல்: கொழுப்பு. கொஞ்சம் நாகரிகமானவர்கள் "இந்தக் காலத்துப் பிள்ளைங்க..." என்று தொடங்கி, மீதியைப் பெருமூச்சில் முடிப்பார்கள். என் கட்சி வேறு. இந்தத் தம்பதி செய்வது உல்லாசப் பயணமே அல்ல, ஒரு சடங்கு என்பேன். அதுவும் நம் மரபு முதல் பிள்ளைக்கு வாரி வழங்கிவிட்டு, இரண்டாம் பிள்ளைக்குத் தர மறந்த சடங்கு. அதை அவர்கள் தாங்களே, புரோகிதர் இல்லாமல், கிரெடிட் கார்டை வைத்து நடத்திக்கொள்கிறார்கள். சடங்கு என்றால் காரணம் வேண்டும், முகூர்த்தம் வேண்டும், விலக்குகள் வேண்டும், நடுவில் ஒரு பொய்யும் வேண்டும். நான்கும் இதில் இருப்பதைக் காட்டிவிட்டால் என் வேலை முடிந்தது.

முதலில் காரணம். தலைச்சன் பிள்ளை உண்டான செய்தி தெரிந்த நாளிலிருந்து வீட்டில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். மசக்கைக்கு மாங்காய் வருகிறது. ஐந்திலோ ஏழிலோ வளைகாப்பு. இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம், புளியோதரையிலிருந்து தயிர்சாதம் வரை வரிசையாகச் சித்ரான்னம். சில வீடுகளில் சீமந்தம் வேறு. பிறகு தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எழுதாத சட்டம்; கூட்டிப்போக நல்ல நேரம் பார்த்து ஆட்கள் வருவார்கள். இரண்டாவது உண்டாகும்போது? சீமந்தம் தாய்க்குச் செய்கிற சம்ஸ்காரம், ஒருமுறை செய்தால் போதும் என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். வளைகாப்பும் பெரும்பாலான வீடுகளில் முதலுக்கு மட்டும்தான். மாங்காய்க்குப் பதில், "உனக்குத் தெரியாததா?" என்ற ஒரு வாக்கியம் வரும். உண்மையில் அது வாக்கியம் அல்ல, கைகழுவல். முதல் முறை மாடிப்படி ஏறினாலே பதறிய வீட்டில், இப்போது அவள் இடுப்பில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக, ஸ்கூல் வேனைப் பிடிக்க ஓடுகிறாள்; பார்த்தவர்கள், "மெதுவா போம்மா" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து ஆசீர்வதிக்கிறார்கள். இந்த ஓரவஞ்சனை அரசாங்கத்துக்குக்கூட இல்லை. 2017-லிருந்து மகப்பேறு விடுப்புச் சட்டம் முதல் பிள்ளைக்கும் 26 வாரச் சம்பள விடுப்பு தருகிறது, இரண்டாவதற்கும் அதே 26 வாரம் தருகிறது. மூன்றாவதில்தான் 12 வாரமாகக் குறைக்கிறது. சட்டம் இரண்டுவரை எண்ணக் கற்றிருக்கிறது. சொந்தபந்தம் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறது.

முகூர்த்தத்துக்கு வருவோம். பஞ்சாங்கத்தின் இடத்தில் இங்கே ஸ்கேன் ரிப்போர்ட். முதல் மூன்று மாதம் வாந்தியில் போய்விடும். கடைசி மூன்று மாதம் மூச்சு வாங்குவதில் போய்விடும். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் பயணத்துக்கு ஏற்றது நடுவில் உள்ள காலம், ஏறக்குறைய 14 வாரத்திலிருந்து 28 வாரம்வரை என்பது டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதிலும் அஞ்சாம் மாச ஸ்கேன் முடிந்து, "எல்லாம் நார்மல்" என்று கேட்ட பிறகுதான் இந்தத் தம்பதி அறை பதிவு செய்வார்கள். விமானம் என்றால் இன்னொரு பஞ்சாங்கம்: பொதுவாக 32 வாரம்வரை கேள்வி இல்லை, அதற்குமேல் டாக்டர் சான்று, 36-ஐ நெருங்கினால் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுவார்கள். இத்தனைக்கும் நடுவில் மூத்ததின் ஸ்கூல் ஆண்டுவிழா, கணவரின் ஆபீஸ் ரிலீஸ், மாமியாரின் கண் ஆபரேஷன் ஆகியவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரே ஒரு வாரக்கடைசி. கல்யாணத்துக்குக்கூட மாற்று முகூர்த்தம் உண்டு, இதற்குக் கிடையாது.

விலக்குகளும் குறைவில்லை. மனைவி வாயும் வயிறுமாக இருக்கும்போது கணவன் கடலில் குளிக்கக்கூடாது, மலை ஏறக்கூடாது, முடி வெட்டக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது என்பது பழைய வீடுகளின் விதி. கடைசி இரண்டும் சுற்றுலாவில் அவ்வளவாகக் குறுக்கிடுவதில்லை. முதல் இரண்டும் சேர்ந்தால் தமிழ்நாட்டில் போவதற்கு இடமே மிஞ்சாது: ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. ஆகவே நம் தம்பதி வரைபடத்தை விரித்து, விதியையும் வயிற்றையும் ஒருசேரக் காப்பாற்றும் ஊரைத் தேடுகிறார்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. "ஊசி போட்டுக்கப் போறோம்" என்று பிள்ளையிடம் சொன்ன பொய், மலைப்பாதையைத் தேர்ந்தெடுத்தால் பாதி உண்மையாகிவிடும். மூன்றாவது வளைவிலேயே மீதியும் வெளியே வந்துவிடும். மலை நீங்கியது. கடலைப் பார்க்கலாம், குளிக்கத்தான் கூடாது என்று ஒரு வியாக்கியானம் கண்டுபிடித்து, சென்னைக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் புதுச்சேரிக்குப் போகிறார்கள். சுமார் 150 கிலோமீட்டர், சமதளச் சாலை, வழியெங்கும் கழிப்பறை உள்ள ஓட்டல்கள். தாயாரிடம் சொல்ல மகன் கையில் ஒரு துருப்புச் சீட்டும் இருக்கிறது: "ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரும்மா!"

இனி, பொய். பிள்ளைக்குச் சொன்னது ஊசி. பெரியவர்களுக்குச் சொல்வது கோயில். இதற்கென்றே அமைந்ததுபோல் தஞ்சாவூர் மாவட்டத்தில் திருக்கருகாவூர் இருக்கிறது. கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் பிள்ளை வேண்டுவோருக்கு நெய் பிரசாதம், சுகப்பிரசவம் வேண்டுவோருக்கு விளக்கெண்ணெய் பிரசாதம். மாமியார் கண்டிப்பானவராக அமைந்த தம்பதிகள் புதுச்சேரியைக் கைவிட்டுக் கும்பகோணத்துப் பக்கம் உள்ள ரிசார்ட்டைப் பிடித்து, அங்கிருந்து இருபது கிலோமீட்டர் போய் அம்மனையும் பார்த்துவிடுவார்கள். தரிசனம் முக்கால் மணி, ரிசார்ட் நாற்பத்தேழேகால் மணி. வீடு திரும்பியதும் முன்னால் வருவது விளக்கெண்ணெய்ப் புட்டி. இதைப் பாசாங்கு என்று ஒதுக்க நான் தயாராக இல்லை. புண்ணியத்தையும் பொழுதுபோக்கையும் ஒரே பஸ்ஸில் ஏற்றுவது நம் ஊரில் வழிவழியாக வந்த வழக்கம். திருவிழாவுக்குப் போனவர்கள் எல்லோரும் தேரை மட்டும் பார்த்துவிட்டா வந்தார்கள்?

ஆளைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் சடங்கின் இலட்சணம் இன்னும் தெளிவாகத் தெரியும். கிளம்புமுன் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டப்படுகிறது. "7.00 பால், 150 மில்லி, சர்க்கரை வேண்டாம். 8.30 இட்லி இரண்டு, தொட்டுக்கொள்ள நெய் மட்டும். டிவி அரை மணி. மூக்கு ஒழுகினால் நீல மூடி மருந்து, இருமினால் சிவப்பு மூடி." இப்படிப் பத்தொன்பது கட்டளைகள். படிக்க வேண்டியவர் நான்கு பிள்ளைகளை வளர்த்து, அவர்களில் ஒருவனையே இந்தத் தாளை எழுதுமளவு ஆளாக்கியவர். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படிக்கிறார், "சரிப்பா" என்கிறார், கார் தெருமுனை திரும்பியதும் பாலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுகிறார். காரில் மூன்றாவது பயணி ஒரு பைல்: ஸ்கேன், ரத்தப் பிரிவு, சுகர் டெஸ்ட், டாக்டர் நம்பர். முன்சீட்டில் மடியில் அதை வைத்துக்கொண்டு வருகிற அம்மாவைப் பார்த்தால் நிலப்பத்திரம் பதியப் போகிறவர் போலிருக்கும். ரிசார்ட்டில் இறங்கியதும் எல்லோரும் நீச்சல்குளத்தின் நீலத்தைப் பார்ப்பார்கள், இவர், "ஏங்க, சுத்தித் தடுப்பே இல்ல பாத்தீங்களா?" என்பார். காலையில் தோசை வருகிறது. கணவர் அதைக் கட்டைவிரல் அளவு துண்டுகளாகப் பிய்த்து, ஊதி, தட்டின் ஒரு பக்கமாக ஒதுக்குகிறார். காபி டம்ளரை மேசை விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி வைக்கிறார். எல்லாம் முடிந்த பிறகுதான், சாப்பிட ஆள் இல்லை என்பது ஞாபகம் வருகிறது. இரண்டு பேரும் அந்தத் துண்டுகளை ஆளுக்குப் பாதியாகத் தின்று தீர்க்கிறார்கள்.

இப்போது ஆட்சேபங்கள். "இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு" என்பது முதல் ஆட்சேபம். இந்தப் பயணத்துக்கு வழங்கும் 'பேபிமூன்' என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் பிரசவக் கல்வியில் பேர்பெற்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் ஷீலா கிட்சிங்கர் அதைக் கையாண்டது, பிள்ளை பிறந்த பிறகு தாயும் தகப்பனும் சிசுவும் வெளியுலகைக் கொஞ்சம் சாத்திவைத்துவிட்டு இருக்கிற நாட்களைக் குறிக்கத்தான். அதைப் பிறப்புக்கு முந்திய விடுமுறையாகத் திருப்பியது சுற்றுலா வியாபாரம். கிட்சிங்கர் சொன்ன பொருளில் பார்த்தால், பிள்ளைபெற்றவளுக்குத் தனி அறை, பத்தியச் சாப்பாடு, வெளியாள் எட்டிப்பார்க்கத் தடை என்று நம் பாட்டிகள் சொல் இல்லாமலே நடத்திக்கொண்டிருந்த காரியம் அது. பிறப்புக்கு முந்திய பயணமும் நமக்குப் புதிதல்ல. வளைகாப்பு முடிந்து தாய்வீடு போவது பயணம் இல்லாமல் வேறென்ன? ஒரே வித்தியாசம், அதில் கணவனுக்கு டிக்கெட் கிடையாது. அவன் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு சனிக்கிழமை பஸ்ஸுக்குக் காத்திருப்பான். இப்போது புதிதாக வந்திருப்பது பயணம் அல்ல, கூடப் போகும் புருஷன்தான். இதற்காகக் கலாச்சாரம் கெட்டுவிட்டது என்று சொல்கிறவர்கள், 1961-ல் ஸ்ரீதர் எடுத்த 'தேன் நிலவு' படத்தை நினைத்துக்கொள்ளலாம். அதில் இரண்டாம் மனைவியோடு காஷ்மீருக்குத் தேனிலவு போகும் தங்கவேலு வயதுவந்த மகளையும் கூடவே கூட்டிப்போவார். பிள்ளையை விட்டுவிட்டுப் போவது நமக்கு எவ்வளவு கூச்சமான காரியம் என்பதற்கு அந்தக் கதையே அத்தாட்சி.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது: பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு எப்படி மனசு வருகிறது? இதற்குப் பதிலை இரவு எட்டு மணி வீடியோ கால் சொல்லும். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்க்கிறார். திரையில் முதலில் தெரிவது சீலிங் ஃபேன், பிறகு பாட்டியின் காது, பிறகு, அரைமணிக் கணக்கெல்லாம் மீறி ஓடிக்கொண்டிருக்கும் டிவிக்கு முன்னால், கையில் முறுக்கோடு பிள்ளை. "அம்மா பேசறேன்டா..." "அப்புறமா பேசு." அவ்வளவுதான் உரையாடல். பிள்ளை ஏங்கிவிடும் என்ற பயத்தில் வந்தவர்கள், பிள்ளை ஏங்கவில்லையே என்ற துக்கத்தில் அன்றிரவு தூங்கமாட்டார்கள். வேடிக்கையை ஒதுக்கிவிட்டு யோசித்தாலும் கணக்கு இவர்கள் பக்கம்தான். மூன்று மாதம் கழித்து அம்மா உண்மையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போவாள். சிசேரியன் என்றால் நான்கைந்து நாள் திரும்பமாட்டாள். திரும்பும்போது கையில் ஒரு போட்டியாளரும் இருப்பார். அந்த முதல் பிரிவு நடுராத்திரியில், வலிக்கும் பதற்றத்துக்கும் நடுவே நேர்வதைவிட, முறுக்கோடும் சர்க்கரைப் பாலோடும் ஒருமுறை ஒத்திகையாக நேர்ந்துவிடுவது பிள்ளைக்கே நல்லது. ஊசி என்ற பொய்யை மட்டும் நான் காப்பாற்றமாட்டேன்; டாக்டரைப் பூச்சாண்டி ஆக்கியதன் பலனை அடுத்த தடுப்பூசியின்போது அவர்களே அனுபவிப்பார்கள். "ரெண்டு நாள் ஊருக்குப் போய்ட்டு ஞாயித்துக்கிழமை வந்துடுவோம்" என்பதை நான்கு வயது தாங்கும். தாங்காதது பெரும்பாலும் முப்பத்துநான்கு வயதுதான்.

மூன்றாவது, காசு. இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கட்டட வேலைக்குப் போகிறவளுக்கு ஏழாம் மாதத்திலும் வாரக்கடைசி என்று ஒன்று கிடையாது. பாட்டி வேறு ஊரில் இருந்தாலோ, இல்லாமலே போயிருந்தாலோ, சம்பளம் இருந்தும் பயன் இல்லை. தமிழ்நாட்டில் குடும்பத்துக்கு இரண்டு பிள்ளைகூடத் தேறவில்லை; 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8. இப்படிச் சிறுத்துவிட்ட குடும்பங்களில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சித்தியும் அத்தையும் அகப்படுவது மண்டபம் அகப்படுவதைவிடக் கஷ்டம். ஆனால் ஊதாரித்தனம் என்ற மீதிப் பாதியை ஏற்க முடியாது. முதல் பிள்ளை வளைகாப்புக்கு மண்டபம், இருநூறு இலை, வந்தவர்களுக்கெல்லாம் வளையலும் தாம்பூலமும் கொடுத்த வீடு, அதை ஊதாரித்தனம் என்று சொல்லவில்லை. இருநூறு பேர் சாப்பிட்டால் சம்பிரதாயம், இரண்டு பேர் சாப்பிட்டால் கொழுப்பு என்ற கணக்கு எந்த வாய்ப்பாட்டில் இருக்கிறது? மேலும் சடங்கின் சாரம் ரிசார்ட் அல்ல. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மெரினாவில் இரண்டு மணிநேரம், ஒரு பொட்டலம் சுண்டலோடு உட்கார்ந்தாலும் பலன் ஒன்றுதான்.

கடைசி ஆட்சேபம்தான் கெட்டிக்காரத்தனமானது: "பிள்ளையை விட்டுப் போய், அங்கே உட்கார்ந்து பிள்ளையைப் பற்றியேதானே பேசுகிறார்கள்? பிறகு எதற்குப் போவானேன்?" பேசுவது உண்மை. ஆனால் வீட்டில் இவர்கள் பேசுவது எப்படியிருக்கும் என்று கேட்டுப்பாருங்கள். "அந்த லோன் விஷயம்..." "அம்மா, சூச்சூ!" "பேறுகாலத்துக்கு அத்தை வந்து இருக்காங்களா, இல்ல எங்கம்மா..." "அப்பா, பென்சில் உடைஞ்சுபோச்சு!" நான்கு வருஷமாக ஒரு வாக்கியமும் பயனிலையைத் தொட்டதில்லை. இரண்டு பேர் நடத்தும் நிர்வாகம், தலைமைச் செயலகமே கூடாமல் இத்தனை நாள் ஓடியிருக்கிறது. முடிவு செய்யவேண்டியவை குவிந்து கிடக்கின்றன: முதல் மாதம் எந்தப் பாட்டி, எந்த அறை, மூத்ததை ஸ்கூலுக்கு யார் கொண்டுவிடுவது, கணவனுக்கு எத்தனை நாள் லீவு. மத்திய அரசு ஊழியராக இருந்தால் தகப்பனுக்கு 15 நாள். தனியார் கம்பெனி என்றால் அப்படிக் கொடுத்தாகவேண்டும் என்று பொதுச்சட்டம் இல்லை, மேலாளரின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கவேண்டும். இவற்றை ஆற அமரப் பேசி முடிக்க அவர்களுக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கிடைக்கிறது. பேச்சு முடிந்தபின் சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். வயிற்றில் இருப்பது உதைக்கும்போது அவள் அவன் கையை எடுத்து அங்கே வைப்பாள். முதல் பிள்ளை உதைத்தபோது வீடே திரண்டு வந்து கை வைத்தது. இரண்டாவது உதைத்ததை, பாவம், இதுவரை யாரும் கேட்கக்கூட இல்லை. வளைகாப்பு என்பது வேறு எதற்கு? உள்ளே இருப்பதற்கு, வெளியே ஆள் இருக்கிறது என்று சத்தம் கொடுக்கத்தானே?

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு வரவேண்டியவர்கள் இரண்டு மணிக்கே வந்துவிடுவார்கள்; கடைசி நாள் பகல் உணவுக்குக் கட்டிய பணம் போனாலும் போகட்டும் என்று. பிள்ளை வாசலுக்கு ஓடிவந்து, கையில் இருக்கும் பொம்மையைக்கூடப் பார்க்காமல், "ஊசி வலிச்சுதாம்மா?" என்று கேட்கும். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பத்தொன்பது கட்டளைத் தாளில் பதில் இருக்காது. வாசகர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் மகனோ மருமகளோ, தங்கையோ தங்கை புருஷனோ, இரண்டாவது பிள்ளைக்கு முன்னால் மூத்ததை இரண்டு நாள் உங்களிடம் விட்டுப்போகக் கேட்டால், எங்கே போகிறீர்கள் என்று கேட்காதீர்கள். பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் ஒழியப் போன் செய்யாதீர்கள். அவர்கள் திரும்பி வரும்போது அந்தப் பெண்ணின் கையில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் போட்டுவிடுங்கள். இரண்டாம் பிள்ளைக்குக் கூடாது என்று எந்த சாஸ்திரத்திலும் இல்லை.